பாடுவது யார்? இல்லாத உலகத்துப் பாட்டுகளுக்குள் நுழைய ஒரு வழி

ஒரு கல்யாண விருந்து. சாப்பாடு முடிந்தது, மணமக்களைப் பள்ளியறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மண்டபத்தின் பெரிய கதவை யாரோ மெல்லச் சாத்துகிறார்கள். மாடத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்கள் அதுவரை வாசித்ததை நிறுத்திவிட்டு, மெதுவான, சோகமான வேறொரு மெட்டை எடுக்கிறார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் மணமகனின் அக்கா முகம் மாறுகிறது. இன்னும் சில நிமிடங்களில் தன் ஆட்கள் அத்தனை பேரும் வெட்டப்படுவார்கள் என்பதை அவள் உணரத் தொடங்குவது அந்த மெட்டைக் கேட்டுத்தான்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் 2013 ஜூன் 2 அன்று ஒளிபரப்பான காட்சி இது. கவனியுங்கள், அங்கே ஒரு வார்த்தைகூடப் பாடப்படவில்லை. வெறும் மெட்டு. ஆனால் அந்த மெட்டுக்கான வரிகளைத் தெரிந்து வைத்திருந்த ரசிகர்களுக்கு அடிவயிறு அப்போதே கலங்கிவிட்டது. தெரியாதவர்கள் கத்தி வெளியே வரும்வரை ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டாவது கூட்டம்.

இல்லாத ஓர் உலகத்தில் பாடப்படும் பாட்டின் வரிகளை வைத்துக்கொண்டு ரசிகர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழில் இப்போது இதற்கு 'டீகோடிங்' என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பூட்டிய பெட்டி ஒன்று இருக்கிறது, சாவி கிடைத்தால் உள்ளே ஒரே ஒரு விடை இருக்கும் என்ற நினைப்பை அது தருகிறது. நல்ல பாட்டுகள் அப்படி இருப்பதில்லை. பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது: இதைப் பாடுவது யார், யாரிடம்?

அந்தக் கல்யாண மெட்டையே எடுத்துக்கொள்வோம். பாட்டின் பெயர் 'த ரெயின்ஸ் ஆஃப் காஸ்டமியர்'. அந்தத் தொடருக்கு மூலமான கதைகளை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், 2000-ஆம் ஆண்டு வெளிவந்த தன் நாவலில் எழுதிய சிறிய பாட்டு. பின்கதை இதுதான்: லானிஸ்டர் என்ற பணக்காரக் குடும்பம். அவர்களுக்குக் கீழே இருந்த ரெயின் என்ற இன்னொரு குடும்பம், அதன் கோட்டை காஸ்டமியர். ரெயின்கள் ஒருநாள் தலைவணங்க மறுத்தார்கள். டைவின் லானிஸ்டர் அந்த வம்சத்தைப் பூண்டோடு அழித்தான்.

பாட்டு ஒரு திமிரான கேள்வியோடு தொடங்குகிறது. நான் இவ்வளவு தாழ்ந்து கும்பிட நீ யார்? நீயும் வேறு நிறத் தோல் போர்த்திய ஒரு பூனைதானே. தோல் பொன்னிறமோ சிவப்போ, சிங்கத்துக்கு நகம் உண்டு. என் நகமும் உன் நகத்தைப்போல நீளம்தான், கூர்மைதான். இதுதான் சாரம். இதன் பிறகு கடைசியில், இப்படியெல்லாம் பேசினான் காஸ்டமியர் பிரபு, இப்போது அவன் மண்டபத்தின்மேல் மழை அழுகிறது, கேட்கத்தான் ஆளில்லை என்று முடிகிறது.

பல வருஷம் இதை நான் டைவின் விடும் மிரட்டல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சிங்கம் லானிஸ்டர்களின் சின்னம், கூர்மையான நகம் என்றால் அது ஜெயித்தவன் பேச்சாகத்தானே இருக்கும்? போதாக்குறைக்கு இதை லானிஸ்டர் பக்கத்து ஆட்கள் குடித்துவிட்டுப் பாடுவார்கள். ஆனால் வரிசையாகப் படித்தால் அந்த வாய்ச்சவடால் முழுவதும் செத்தவனுடையது. ரெயின்களின் கொடியிலும் சிங்கம் உண்டு, வெள்ளிப் பின்னணியில் சிவப்புச் சிங்கம். லானிஸ்டர்களுடையது சிவப்பின்மேல் பொன் சிங்கம். பொன் தோல், சிவப்புத் தோல் என்பது இரண்டு குடும்பங்களையும் சொல்கிறது. 'நீயும் சிங்கம், நானும் சிங்கம்' என்று ஒரு சிற்றரசன் பெரிய அரசனிடம் சொல்கிறான். அதற்கான பதில் பாட்டில் இல்லை. மழைதான் பதில்.

தமிழில் இந்த அமைப்பு நமக்குப் பழகியதுதான். பேச்சு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் 'என்றான்' போடுவோம். அதுவரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். இந்தப் பாட்டும் முதல் வரியில் 'கர்வம் பிடித்த பிரபு' என்று மட்டும் சொல்லிவிட்டு, அது எந்தப் பிரபு என்பதைக் கடைசி வரிகளில்தான் தருகிறது. காதால் கேட்கும்போது மேற்கோள் குறிகள் கேட்காது அல்லவா? நான் வழுக்கியது அங்கேதான்.

சரி, இப்போது அடுத்த கேள்வி. செத்தவன் பேச்சைப் பாட்டாகக் கட்டியது யார்? பெயர் தெரியாத ஒரு பாணன், ஜெயித்தவர்கள் ஆளும் நாட்டில் பாடிப் பிழைப்பவன். அப்படியானால் அந்தத் திமிர்ப் பேச்சு ரெயின் பிரபு உண்மையில் பேசியதா, பாணன் அவன் வாயில் போட்டதா? ரசிகர்கள் உட்கார்ந்து பேசுவது இங்கிருந்துதான் ஆரம்பம். அதே நாவலில் ஒரு தகவல் வருகிறது: ஃபார்மன் என்ற பிரபு முரண்டு பிடித்தபோது டைவின் கடிதம் அனுப்பவில்லை, ஒரு யாழ்க்காரனை அனுப்பினான். இந்தப் பாட்டை அவன் மண்டபத்தில் பாடவைத்தான். ஃபார்மன் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் வெறும் மெட்டு ஏன் வேலை செய்தது என்பது இதைப் படித்தால் விளங்கும். அந்த உலகத்தில் அது வெறும் பாட்டாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது.

இன்னும் ஒரு படி கீழே போகலாம். குடும்பத்தின் பெயர் ரெயின், ஆங்கிலத்தில் மழைக்கும் ரெயின். எழுத்து வேறு, காதில் ஒன்றுதான். காளமேகப் புலவரைப் படித்த நாம் சிலேடையைப் பார்த்தால் விடுவோமா? மழை அழுகிறது என்றால் ரெயின்கள் அழுகிறார்கள் என்றும் கேட்கும். 2014-இல் அந்த உலகத்தின் வரலாற்று நூலாக வந்த 'த வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' இன்னொன்றையும் சேர்த்தது. ரெயின்கள் கோட்டைக்கு அடியிலிருந்த சுரங்கங்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள். டைவின் வாயில்களை அடைத்து, பக்கத்து ஓடையை அணைகட்டி உள்ளே திருப்பிவிட்டான். பெண்கள், குழந்தைகள் உட்பட எல்லோரும் மூழ்கிச் செத்தார்கள். இதைப் படித்துவிட்டு 'மழை', 'கேட்க ஆளில்லை' என்ற வரிகளுக்குத் திரும்பிப் போனால் அவை முன்பு இருந்த மாதிரி இருப்பதில்லை. பாட்டு 2000-இல் வந்தது, இந்த விவரம் 14 வருஷம் கழித்து. எழுதும்போதே ஆசிரியர் மனத்தில் தண்ணீர் இருந்ததா, பாட்டிலிருந்த மழைதான் பின்னால் ஓடையாக மாறியதா என்பதை அவரவர் வாதாடிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வேலை நமக்குப் புதிதா என்ன? சங்க அகப்பாடல்களை யோசித்துப் பாருங்கள். பாட்டுக்கு அருகே சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும்: தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று, எந்த நிலையில், யாரிடம் சொன்னது என்று. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டு இன்று கல்யாணப் பத்திரிகைகளில்கூட அச்சாகிறது. உன் தாயும் என் தாயும் யாரோ எவரோ, செம்மண்ணில் விழுந்த மழைநீர்போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று வரும் பாட்டு. பாட்டை மட்டும் படித்தால் கொண்டாட்டம். கூற்றுக் குறிப்பைப் படித்தால் கதை வேறு. இருவரும் கூடிய பிறகு, இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று அவள் பயப்படுகிறாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு அவன் சொல்வதாகக் குறிப்பு. கொண்டாட்டம் சமாதானமாக மாறிவிடுகிறது. வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

அந்தக் குறிப்புகளைப் பாடலை எழுதிய புலவர்களே எழுதவில்லை, தொகுத்தவர்களோ பின்னால் வந்தவர்களோ எழுதியவை என்பதே பொதுவான கருத்து. அதாவது, ஊன்றிப் படித்த யாரோ ஒருவர் 'இது இன்னார் இன்னாரிடம் சொன்னது' என்று ஒரு முடிவுக்கு வந்து எழுதி வைத்தார். இப்போதைய ரசிகர்கள் கற்பனை உலகத்துப் பாட்டுகளுக்குச் செய்வது அதேதான். கூற்று எழுதுகிறார்கள். (அந்தக் குறுந்தொகைப் புலவரின் இயற்பெயரும் நமக்குத் தெரியாது. பாட்டிலிருந்த தொடரை எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ரசிகர்கள் எக்காலத்திலும் ரசிகர்கள்தான்.)

யார் பாடுகிறார் என்று தெரிந்தபின், அவர் சொல்வதை நம்பலாமா என்ற கேள்வி வரும். 2019 டிசம்பரில் வந்த 'த விட்சர்' தொடரின் பாட்டு இதற்கு நல்ல பாடம். யாஸ்கியர் என்ற பாணன், கெரால்ட் என்ற அரக்க வேட்டைக்காரனோடு ஒட்டிக்கொண்டு போகிறான். இருவரையும் எல்ஃபுகள் (மாயாஜாலக் கதைகளில் வரும், மனிதரைப் போன்ற வேறோர் இனம்) பிடித்துக் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள். அந்த எல்ஃபுகளோ சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, சோற்றுக்கே வழியில்லாதவர்கள். கடைசியில் அவர்கள் அரசன் இருவரையும் விட்டுவிடுகிறான். பாணனின் யாழ் உடைந்துபோனதால் தன் யாழையே கொடுத்தும் அனுப்புகிறான்.

அந்த யாழை வைத்துக்கொண்டு யாஸ்கியர் கட்டும் பாட்டு என்ன தெரியுமா? கெரால்ட் என்ற மாவீரன் கொடிய எல்ஃபுகளை அடித்து விரட்டி மனிதகுலத்தைக் காப்பாற்றினான், அவனுக்குக் காசு போடுங்கள் என்பதுதான். கெரால்ட் அங்கேயே முனகுகிறான், நடந்தது இது இல்லையே என்று. மரியாதையை வைத்து வரலாறு எழுத முடியாது என்கிற மாதிரி பாணன் பதில் சொல்கிறான். நமக்குச் சிரிப்பு வரும், ஆனால் ஆச்சரியம் வரக்கூடாது. புறநானூற்றில் பாடாண் திணை என்று ஒன்று உண்டு, அதில் பரிசில் கடாநிலை என்று ஒரு துறை உண்டு. பாடினேன், பரிசு எங்கே என்று புலவர் வாய்விட்டுக் கேட்பது. யாஸ்கியரின் பாட்டு சுத்தமான பரிசில் கடாநிலை. வேறுபாடு ஒன்றுதான். புறநானூற்றுப் போர்க்களத்துக்கு நாம் போய்ப் பார்க்க முடியாது. இங்கே நடந்ததை நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். அதனால் பொய் எந்த வரியில், எந்தச் சொல்லில் நுழைகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். புதிதாக வருபவர்கள் பயிற்சிக்கு முதலில் இதை எடுத்துக்கொள்ளலாம். பாட்டும் காதை விட்டுப் போகாது, எச்சரிக்கிறேன்.

இதுவரை பார்த்த இரண்டும் அந்த உலகத்துக்குள்ளேயே பாடப்படுபவை. அங்கிருக்கும் ஆட்கள் காதிலும் அவை விழுகின்றன. இன்னொரு வகை உண்டு. நம் உலகத்தில் இருக்கும் ஓர் இசைக்குழு அந்த உலகத்தைப் பற்றிப் பாடுவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்து மெட்டல் குழுவான ப்ளைண்ட் கார்டியன் 1998-இல் 'நைட்ஃபால் இன் மிடில்-எர்த்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் இறந்தபின் அவர் மகன் கிறிஸ்டோஃபர் தொகுத்து 1977-இல் வந்த 'த சில்மரில்லியன்' நூலின் கதைகளை அது பாடுகிறது. அதில் ஒரு பாட்டு, எல்ஃப் அரசன் ஃபிங்கோல்ஃபின் தனி ஆளாகக் குதிரையில் போய், மோர்கோத் என்ற பெருந்தீமையை அதன் கோட்டை வாசலில் நின்று சண்டைக்குக் கூப்பிட்டு, ஏழு காயம் உண்டாக்கிவிட்டுச் சாகும் கதை. ரசிகர்கள் தொண்டை கிழியக் கூடவே பாடுவார்கள். ஆனால் மூல நூலில் அந்தச் சண்டையைச் சொல்லி முடித்ததும் டோல்கீன் ஒரு விஷயம் சொல்கிறார்: ஜெயித்த பக்கத்து ஓர்க்குகள் இதைப் பற்றிப் பெருமை பேசிக்கொள்ளவில்லை, எல்ஃபுகளும் இதைப் பாடுவதில்லை, அவர்கள் துக்கம் அவ்வளவு ஆழமானது.

அதாவது, அந்த உலகத்தில் யாருமே பாடாத பாட்டை நாம் இங்கே பாடிக்கொண்டிருக்கிறோம். இது தெரிந்தபின் எனக்கு அந்தப் பாட்டின் கிட்டார் இரைச்சல் வேறு மாதிரிக் கேட்கிறது. குழு செய்தது தவறு என்று சொல்ல வரவில்லை. உள்ளே இருப்பவர்களால் பாட முடியாததை வெளியே இருப்பவர்கள்தானே பாட முடியும்? ஆனால் 'எல்ஃபுகள் இப்படித்தான் பாடியிருப்பார்கள்' என்று யாராவது சொன்னால், அந்த வரியை எடுத்துக் காட்டலாம்.

ரசிகர்கள் வாயில் அடிக்கடி வரும் இரண்டு சொற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் எழுதி, எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரலாறு 'கேனன்'. நானாக மனத்தில் வைத்துக்கொண்டிருக்கும் விளக்கம், யாரும் கேட்டால் ஆதாரம் காட்ட முடியாது ஆனால் விடவும் மாட்டேன் என்றால், அது 'ஹெட்கேனன்'. டைவினின் ஓடை கேனன். ரெயின் பிரபு அந்தப் பேச்சைப் பேசவே இல்லை, எல்லாம் பாணன் கட்டியது என்பது என் ஹெட்கேனன்.

வெளியிலிருந்து பாடும் பாட்டுகளில் இன்னொரு சிக்கல், ஒரே பாடகர் பல பேராகப் பாடுவது. கனடாவின் ரஷ் குழு 1976-இல் வெளியிட்ட '2112' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் ஒரே கதை, 20 நிமிடத்துக்கு மேல். மாயாஜாலம் இல்லை, எதிர்கால உலகம்தான், ஆனால் கூற்றுப் பயிற்சிக்கு அதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. ஒரு கோயிலின் பூசாரிகள் எல்லாக் கோள்களையும் ஆள்கிறார்கள், மக்கள் என்ன படிக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதுவரை. ஒருவன் பழைய கிட்டார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். குழுவின் பாடகர் கெடி லீ பூசாரிகளாகப் பாடும்போது தொண்டையைக் கிழித்துக்கொண்டு உச்சத்தில் கத்துவார். கிட்டாரைக் கண்டெடுத்தவனாகப் பாடும்போது குரல் அப்படியே தணிந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல வரும். கூற்று மாறியதைக் காகிதம் சொல்வதற்கு முன்பே குரல் சொல்லிவிடும்.

பூசாரிகள் கிட்டாரை உதறித் தள்ளுகிறார்கள். அவன் ஒரு கனவு காண்கிறான்; அதில் முன்னொரு காலத்தில் இந்தக் கோள்களை விட்டுப்போன மூத்த இனம் ஒன்று, திரும்பி வரப்போகிறது. விழித்ததும் இந்த வாழ்க்கை தாங்காமல் இறந்துபோகிறான். அதன் பிறகு பெரிய போர்ச் சத்தம். கடைசியில் ஒரு குரல் எல்லாக் கோள்களுக்கும் அறிவிக்கிறது: கட்டுப்பாடு எங்கள் கைக்கு வந்துவிட்டது. முடிந்தது, அவ்வளவுதான். அந்த 'எங்கள்' யார்? திரும்பி வந்த மூத்த இனமா? கலகத்தை நசுக்கிவிட்ட பழைய பூசாரிகளா? முதலாவது என்றால் அவன் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இரண்டாவது என்றால் கதையே இருட்டு. ஒரே ஒரு சொல்லின் கூற்று தெரியாததால், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாக ஆட்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. புரியாத பாட்டை வரிவரியாகத் தமிழில் எழுதிப் பாருங்கள். அச்சில் போட அல்ல, சும்மா நோட்டில். ஆங்கிலத்தில் 'வீ' என்று இரண்டெழுத்தில் ஒளிந்துகொள்வதைத் தமிழில் நாம் என்பதா, நாங்கள் என்பதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். கேட்பவரைச் சேர்த்தா, சேர்க்காமலா? '2112' முடிவில் நாம் என்று எழுதவே முடியாது, நாங்கள்தான் வரும்; அந்த அறிவிப்பு யாரையோ வெளியே நிறுத்துகிறது என்பது உடனே உறைக்கும். 'யூ' என்று வந்தால் நீயா, நீங்களா, நீரா? காஸ்டமியர் பாட்டில் முதல் வரி 'யார் நீ' என்றுதான் வரும், பின்னால் 'என் பிரபுவே' என்று மரியாதை வருகிறது. அந்த மரியாதையை எழுதும்போதே அது நக்கல் என்று கை உணர்ந்துவிடும். மொழிபெயர்ப்பவர் கூற்றைத் தீர்மானிக்காமல் ஒரு வரி நகர முடியாது. என் குழப்பங்களில் பாதி இப்படித்தான் தீர்ந்தன.

அப்படி எழுதிப் பார்க்கக்கூட வழியில்லாத பாட்டுகளும் உண்டு. பிரான்சில் 1969-இல் கிறிஸ்டியன் வாண்டர் தொடங்கிய மாக்மா குழு, கோபையா என்ற கற்பனைக் கோளைப் பற்றி, அந்தக் கோளின் மொழியிலேயே பாடுகிறது. மொழியை உருவாக்கியவர் வாண்டர்தான். ரசிகர்கள் சொல்லாகப் பொறுக்கி அகராதி கட்டினார்கள். எனக்கு அந்த அகராதியைவிட அந்த ஒலிகள்தான் பிடித்திருக்கின்றன, சாமியாடும்போது வாயில் வரும் சொற்கள் மாதிரி. நம் பக்கத்தில், 2015-இல் வந்த 'பாகுபலி'யில் காலகேயர்களுக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி உண்டு. சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள் என்று சொல்லப்பட்டது. தியேட்டரில் அர்த்தம் தெரியாமலே பிள்ளைகள் அதைப் பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

டோல்கீன் இதில் வேறு தரம். அவருடைய எல்ஃப் மொழிக்கு இலக்கணமும் ஒலி மாற்ற வரலாறும் உண்டு. 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் கலாட்ரியல் அரசி விடைபெறும்போது ஒரு நீண்ட பாட்டைத் தன் பழைய மொழியில் பாடுகிறாள். படகில் போகும் ஃப்ரோடோவுக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ஆனால் சொற்கள் மனத்தில் பதிந்துவிட்டன, பல காலம் கழித்துத் தன்னால் முடிந்த அளவுக்கு அர்த்தம் எழுதினான் என்கிறது கதை. பாட்டுக்குக் கீழே நாம் படிக்கும் உரை அதுதான். பாடியது கலாட்ரியல், உரையெழுதியது ஃப்ரோடோ. ஒரு ரசிகன் எழுதிய பொருளைத்தான் நாம் படிக்கிறோம்! 1967-இல் டொனால்ட் ஸ்வான் இந்தப் பாட்டுகளுக்கு இசையமைத்துப் புத்தகம் போட்டபோது, இந்த ஒன்றுக்கு மட்டும் டோல்கீனே தேவாலயத்தில் ஓதுவதுபோல ஒரு மெட்டை முணுமுணுத்துக் காட்டினார். சொல்லுக்குச் சொல் பொருளும் எழுதிக் கொடுத்தார்.

இனி கொஞ்சம் எச்சரிக்கை. கற்பனை உலகத்துப் பாட்டைத் தப்பாகக் கேட்டால் திருத்திக்கொள்வது கஷ்டம். நம் ஊர்ப் பாட்டில் ஒரு சொல் தவறாகக் காதில் விழுந்தால், இது பொருந்தவில்லையே என்று மூளை தானே உதைக்கும். இல்லாத உலகத்தில் எந்தச் சத்தமும் ஓர் ஊராகவோ ராஜாவாகவோ இருக்கலாம். சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1954-இல் ஒரு கட்டுரை எழுதினார். சிறுவயதில் கேட்ட பழைய ஸ்காட்லாந்துப் பாட்டில் ஒரு பிரபுவைக் கொன்று 'புல்தரையில் கிடத்தினார்கள்' என்று வருவதை, பிரபுவோடு 'மாண்டகிரீன் சீமாட்டி'யையும் கொன்றதாக அவர் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். இல்லாத ஒரு பெண் அவர் மனத்தில் பிறந்து, அழகாகச் செத்தும் போனாள். தவறிக் கேட்கும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இன்று மாண்டகிரீன் என்றே பெயர். நான் கல்லூரி விடுதியில் பிரதி எடுத்த சிடியில் பாட்டுக் கேட்டவன், உறைப் புத்தகம் கிடையாது. என் தலைக்குள் எத்தனை மாண்டகிரீன் சீமாட்டிகள் குடியிருந்தார்கள் என்று பிறகு வரிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது. இரண்டு தளபதிகளை மனமில்லாமல் வெளியேற்றினேன்.

இன்னொன்று, எல்லாச் சொல்லுக்கும் உள்ளர்த்தம் தேடக்கூடாது. இத்தாலியின் ரப்சோடி குழு 1997 முதல் 2002 வரை 5 ஆல்பங்களில் ஒரு மரகத வாளின் கதையைப் பாடியது. எழுதியவர்களின் தாய்மொழி இத்தாலியன், பாட்டு ஆங்கிலத்தில். அதில் ஒரு சொல் விசித்திரமாக இருந்தால் அது புதிராகவும் இருக்கலாம், ஆங்கிலம் தடுக்கி விழுந்ததாகவும் இருக்கலாம். வரியின் இறுதியில், இயைபு விழ வேண்டிய இடத்தில் அந்தச் சொல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இயைபுக்காகக் கவிஞர்கள் செய்யாத பாவமா?

பேசிப் பேசி, அப்புறம் தாங்களே எழுத ஆரம்பித்துவிடுவது ரசிகர்களின் வழக்கம். அறிவியல் புனைவு, மாயாஜாலக் கதை ரசிகர்கள் கூடிப் பாடும் பாட்டுகளுக்கு ஆங்கிலத்தில் 'ஃபில்க்' என்று பெயர். 1950-களில் ஒருவர் கட்டுரைத் தலைப்பில் 'ஃபோக்' (நாட்டுப்புற இசை) என்று தட்டச்சு செய்யப் போய் ஓர் எழுத்து மாறிவிட்டது. பிழையை யாரும் திருத்தவில்லை, பெயராகவே வைத்துக்கொண்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் டோல்கீனின் ஒரு சின்ன நடைப்பாட்டைத்தான் காட்டுவேன். வாசலில் தொடங்கும் சாலை போய்க்கொண்டே இருக்கிறது, நானும் அதன் பின்னால் போக வேண்டும் என்று சொல்லும் எட்டு வரிகள். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் தொடக்கத்தில், தன் 111-ஆவது பிறந்தநாள் இரவில் வீட்டை விட்டுக் கிளம்பும் பில்போ அதைப் பாடுகிறான். ஆவலான கால்களோடு சாலையைத் தொடர்வதாக ஒரு வரி. 17 வருஷம் கழித்து அவன் வளர்த்த பிள்ளை ஃப்ரோடோ, ஆபத்தான மோதிரம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு அதே வழியில் போகும்போது அதே பாட்டைச் சொல்கிறான். எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆவலான கால்கள் மட்டும் களைத்த கால்கள் ஆகிவிட்டன.

கூட வரும் பிப்பின் கேட்கிறான், இது கிழவர் பில்போ எழுதியதா, இல்லை நீ அவர் மாதிரிக் கட்டியதா என்று. நாம் இவ்வளவு நேரம் கேட்ட அதே கேள்வி. ஃப்ரோடோ தெரியவில்லை என்கிறான். இப்போதுதான் நானாகச் சொல்கிற மாதிரி வந்தது, ஆனால் எப்போதோ கேட்டதாகவும் இருக்கலாம்.

கதை முடியும் தறுவாயில் பில்போ மறுபடி ஒருமுறை அதை முணுமுணுக்கிறான். இப்போது மிகவும் கிழவன், கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலி. சாலை போகட்டும், முடிந்தவர்கள் தொடரட்டும், நான் களைத்த கால்களோடு விளக்கெரியும் சத்திரத்தின் பக்கம் திரும்புகிறேன், ஓய்வும் தூக்கமும் அங்கே இருக்கின்றன என்று வரிகள் மாறியிருக்கின்றன. ஃப்ரோடோ போட்ட 'களைத்த' பில்போவின் வாய்க்கு எப்படி வந்தது? அவன் சொல்லக் கேட்டானா, வயது தானே கொண்டுவந்ததா? கேட்கலாம் என்றால், கடைசி வார்த்தையைச் சொல்லும்போதே தலை மார்பில் சாய்ந்து பில்போ தூங்கிவிட்டான்.